சின்ன வயிறும் வருங்கால மாமியாரும்

போன வருடம், என் நிச்சயதார்த்தத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து என்னையும் என் அம்மாவையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பதினேழு வயதில் எனக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வயதிலேயே சர்க்கரை வியாதி எட்டிப் பார்த்ததால் டாக்டர்கள் இரைப்பையைச் சின்னதாக்கிவிட்டார்கள். இப்போது முப்பதை நெருங்குகிறேன். தினமும் வைட்டமின் மாத்திரை, வருடா வருடம் ரத்தப் பரிசோதனை, வேளைக்கு ஒரு பிடிச் சோறு. இனிப்பு கூடினால் உடம்பு தாங்காது. மற்றபடி பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

என்னவருக்கு எல்லாம் தெரியும். வெளியே சாப்பிடப் போனால் என் தட்டில் மீந்ததையும் அவரே முடித்துவிடுவார். எங்கள் காதலில் எடை கூடியது அவருக்குத்தான். அவர் வீட்டாருக்கு மட்டும் தெரியாது. "கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். சீக்காளிப் பிள்ளைன்னு நெனச்சிடப் போறாங்க" என்று என் அம்மா சொல்லியிருந்தார்.

அன்று என்னவர் மேசையின் மறுகோடியில் மாட்டிக்கொண்டார். எனக்கு நேர் எதிரே அவருடைய அம்மா. ஒரு பிடிக்கு மேல் இறங்காமல், என் இலையில் சோறு கிட்டத்தட்ட வைத்தபடியே இருந்தது.

"கடை புடிக்கலையாம்மா? வேற கடைக்குப் போயிருக்கலாம்லா" என்றார்.

"இல்ல ஆன்டி, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இதயாவது குடி" என்று ஒரு கிண்ணம் பாயசத்தைத் தன் கையாலேயே நீட்டினார். அதையும் மறுத்தால் நன்றாக இருக்காது என்று முழுவதையும் குடித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்த்துக் கொட்டியது. உட்கார முடியாமல் பக்கத்து நாற்காலிகளில் அப்படியே சாய்ந்து படுத்துவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. என்னவரின் அப்பா ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார்.

"வேணாம் அங்கிள், படுத்திருந்தா சரியாயிடும்" என்றேன். பிறகு, மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கல்யாணம் இதோடு நின்றது என்றே நினைத்தேன்.

ஆன்டி எழுந்து வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தார்.

"நீ சாப்பிடாம உக்காந்திருக்கவும், எங்க குடும்பத்தப் புடிக்கலைன்னுலா நெனச்சேன். எனக்கும் சோறு எறங்கல."

எழுந்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். அவர் இலையிலும் சோறு அப்படியே கிடந்தது. சூடாக ரசம் கேட்டு வாங்கி, என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"அதான் நீ இப்படி வீங்கிப் போயிட்டியா?"

முதலில் சிரித்தது என் அம்மா.

இப்போது எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், "என் மருமகளுக்குக் கொஞ்சமா வைங்க" என்று நான் வாய் திறக்கும் முன்பே மாமியார் சொல்லிவிடுகிறார். எத்தனையோ வருடங்களாக, சாப்பாட்டு மேசையில் பயத்தோடு உட்காருவது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எதிரே இருப்பவருக்கும் ஒரு பயம் இருக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டதிலிருந்து, புதியவர்களிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே வருவதில்லை.