தூசி படியாத புத்தகங்கள்

என் தங்கை ஜெயித்தவை இவை. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது காது கேட்காது. பள்ளியில் முதல் பெஞ்சைச் சண்டை போட்டே வாங்கினாள். மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டே மாலை வகுப்பில் கணினி டிப்ளமோ முடித்தாள். கைக்குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு நூலக அறிவியல் பட்டத் தேர்வு எழுதினாள். பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பிரிவில் எந்தச் சிபாரிசும் இல்லாமல் வேலை வாங்கினாள். தற்காலிக வேலைதான். ஆனாலும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு இடமில்லை. பத்து வருடமாக யாரும் எடுக்காதவற்றைக் கழித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அலமாரி அலமாரியாகப் பார்த்தால் மாதக்கணக்கில் ஆகும். இவள் கணினியிலிருந்து ஒரே காலையில் பட்டியல் எடுத்துக் கொடுத்தாள். தலைமை நூலகருக்கு வாயெல்லாம் பல். நிரந்தரம் ஆக்கும் பரிந்துரையில் அவள் பெயரையும் சேர்த்தார்.

"இனிமே மேடம்னுதான் கூப்பிடணும்போல" என்றார் என் கணவர்.

"அப்ப மேடத்துக்கு ஒரு டீ கொண்டு வாங்க மாமா."

கழித்த புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி, காகித ஆலை வண்டிக்காகக் கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்தார்கள். சரிபார்க்கப் போனவள் ஒரு கட்டின் மேல் விரலை வைத்து இழுத்தாள். தூசி இல்லை. அடுத்ததிலும் இல்லை. சில புத்தகங்களின் ஓரம் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது.

அலமாரி அடுக்கும் ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"இதெல்லாம் தினம் மேசைமேல கிடக்குமே! பசங்க இங்கேயே உக்காந்து படிச்சிட்டு அப்படியே போட்டுட்டுப் போவாங்க. சாயங்காலம் நாங்க எடுத்து வெச்சிருவோம்."

"வைக்கும்போது ஸ்கேன் பண்ணுவீங்களா?"

"வெளியே போகாத புத்தகத்துக்கு எதுக்கும்மா ஸ்கேன்?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோன புத்தகங்களை மட்டுமே கணினி எண்ணியிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து படித்தவர்கள் அதன் கணக்கில் வரவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், "அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. சொல்லவும் மாட்டாங்க. அதான் கஷ்டமா இருக்கு."

அடுத்த மாதம் நிரந்தர ஆணை வரவேண்டியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கைக்கு வரும், புத்தகங்கள் கூழாகும். நான் அவளைச் சாப்பிடச் சொன்னேன்.

மறுநாள் தலைமை நூலகரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

"வண்டியை நிறுத்திரலாம். ஆனா மேலே காரணம் கேப்பாங்க. மென்பொருள் கோளாறுன்னு எழுதிக் குடும்மா. யார் தலையும் உருளாது."

"மென்பொருள் நான் கேட்டதுக்குச் சரியாத்தான் சார் பதில் சொல்லுச்சு. நான்தான் தப்பாக் கேட்டேன்."

"உன் பேரு பரிந்துரையில இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

புத்தகங்கள் கீழ்த்தளத்திலேயே நின்றன. அதன்பின் மேசையில் கிடப்பவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் அலமாரியில் வைத்தார்கள். யாராவது ஒரு புத்தகத்தைக் கேட்டு வந்தால் கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை மாடி அலமாரிகளுக்குத் திரும்பிவிட்டன. நிரந்தர ஆணை அந்த வருடம் வேறொருவருக்குப் போனது. இவளுக்குக் கிடைக்க மேலும் இரண்டு வருடம் ஆனது. அதற்காக அவள் அழுதாள், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அவள் வேலை பார்த்த அறையிலிருந்து போகும் எந்தக் காகிதத்திலும் ஆள் பெயர் இருக்காது. 'கணினிப் பிரிவு' என்ற முத்திரை மட்டும் விழும். வண்டியை நிறுத்தக் காரணம் சொல்லி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கைக்கு அவள் முத்திரையைத் தொடவில்லை. 'பட்டியலைத் தவறாக எடுத்தது நான்' என்று எழுதி, அதன் கீழே முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டாள். 2019 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை.