நான் கிளம்பினப்புறம் பத்து நிமிஷம்

நாங்க கிளம்பினப்புறம் நோயாளி தனியா செய்யுற பத்து நிமிஷத்தை நம்பிப் பிழைக்கிறவங்கதான் பிசியோதெரபிஸ்டுங்க. 'திங்கக்கிழமையிலேருந்து நடக்கப்போறேன்'னு வருஷத்துக்கு நாலு திங்கக்கிழமை சொல்ற உங்களுக்கு என் பாடு புரியும். பெரம்பலூர்ல கிளினிக் போட்டு உட்கார்றதுக்கு முன்னாடி, பைக்ல வீடு வீடா போன அந்த அஞ்சு வருஷத்தை நினைச்சா இப்பவும் ஏக்கமா இருக்கு.

ஒரே மூச்சுல முடிச்ச அக்கா

குன்னத்துல ஒரு அக்காவுக்குத் தோள்பட்டை இறுகிக் கை மேல ஏறல. சுவத்துல விரலை வச்சு மெல்ல மெல்ல ஏத்தணும், தினம் பத்துத் தடவைன்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனா கையைத் தொடவே விடல. விசாரிச்சா, வெங்காயம் புடுங்கி முடியட்டும்னு ஆறு நாள் விட்டுட்டு, நான் வர்ற அன்னைக்குக் காலையில மொத்தத்தையும் செஞ்சிருக்காங்க. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவங்களுக்கு என் மேலதான் கோவம்.

"நீங்க சொன்ன எழுபதுல ஒண்ணுகூட நான் குறைக்கலையே தம்பி?"

காலண்டர் தாள்

லப்பைக்குடிக்காட்டுல ஒரு பாய், துபாய்லேருந்து பக்கவாதத்தோட திரும்பினவர். வலது கை சும்மா தொங்கும். எட்டு மாசத்துல மக நிக்காஹ். பதிவேட்டுல தகப்பன் இடத்துல கையெழுத்துப் போடணும், சபையில கைரேகை வைக்கக் கூடாது, அதுதான் அவருக்கு ஒரே கவலை. தினம் விடியக்காலை சுப்ஹு தொழுதுட்டு காலண்டர்ல தேதி கிழிச்சு, அந்தத் தாளுக்குப் பின்னால ஒரு தடவை பேரை எழுதுங்கன்னேன்.

மூணு மாசம் ஆகியும் கோழி கிளறின மாதிரிதான் இருந்துச்சு. எனக்குப் பொறுமை போயிடுச்சு. "இது தேறாது பாய், ரேகையே வச்சிடுங்க"ன்னுட்டேன். அப்படிச் சொன்னதுக்கு இன்னிக்கும் வெக்கப்படறேன். அவர் ரெண்டு தாளை எடுத்து என் முன்னால வச்சார்.

"நேத்தைவிட இன்னைக்கு ஒரு கோடு கூட இருக்கு, நீங்கதான் பார்க்கல தம்பி."

நிக்காஹ்

அன்னைக்கு மச்சான்காரர் எதுக்கும் இருக்கட்டும்னு மைப்பெட்டியோட நின்னார். பாய் அதை ஓரமா தள்ளிட்டுப் பேனாவை எடுத்தார். கையெழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துல போய் முடிஞ்சாலும், பேரைப் படிக்க முடிஞ்சுது. எனக்கு அழுகையை அடக்க முடியல.

ரெண்டு நாள் கழிச்சுப் போறேன், மனுஷன் பழையபடி தாளும் பேனாவுமா உட்கார்ந்திருக்கார். "அதான் நிக்காஹ் முடிஞ்சிடுச்சே பாய்"ன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கல.

"எழுதாம டீ இறங்க மாட்டேங்குது தம்பி."

இத்தனை பேருக்குப் பழக்கம் சொல்லிக் குடுத்த எனக்கு, என் இடுப்புவலிக்கு நானே எழுதி வச்ச அஞ்சு நிமிஷப் பயிற்சி மட்டும் இன்னும் நாளைலேருந்துதான் ஆரம்பிக்குது.