பிங்க் கஸ்டர்ட் ஓடிய சனிக்கிழமை

அம்மா வீட்டுக்கு வந்தால் கிர்ஸ்டி தன் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டாள். டீ போட எழுந்தாலும் பை கூடவே போகும், கழிப்பறைக்குப் போனாலும் கூடவே போகும். பெற்ற தாய் வீட்டிலா இவ்வளவு காவல் என்று கேட்க லினெட்டுக்கு வாய் ஏது? மகள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதே பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்து, அதன் எண்ணைத் தன் கைப்பேசியில் தட்டி, ஸ்லாட் என்ற சூதாட்ட விளையாட்டில் மகளின் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவள் அவள்தான். அது நடந்து மூன்று வருஷமாகிறது. பை மட்டும் இன்னும் தோளை விட்டு இறங்கவில்லை.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் அவள் சமைக்கும் ஆரம்பப் பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் லினெட் கேவுட்டைத் தெரியும். பெயர் மறந்திருந்தாலும் அவள் கை கஸ்டர்டை மறந்திருக்க மாட்டார்கள். சாக்லெட் கேக்குக்கு மேலே கரண்டி கரண்டியாக ஊற்றுகிற அந்த பிங்க் கஸ்டர்ட்! தாடி வைத்த ஆண்பிள்ளைகள்கூடக் கடைத்தெருவில் அவளை நிறுத்தி, "மிஸ், அத எப்படித்தான் செய்வீங்க?" என்று கேட்பார்கள். "அடிபிடிக்காம செய்வேன், போடா" என்று தள்ளிக்கொண்டு போவாள். சமையலறையில் அவள் ராணி. வீட்டில்தான் வேறு கதை.

கணவன் டெரெக்குக்குக் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் வேலை. இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. அவன் இல்லாத சாயங்காலங்களில் பொழுதுபோக்காகக் கைப்பேசியில் காசு வைத்து எண் அடிக்கிற பிங்கோ ஆரம்பித்தாள். அதில் நாலு பெண்களோடு அரட்டை அடிக்கலாம், அதற்காகத்தான் என்று நினைத்தாள். பிங்கோவிலிருந்து ஸ்லாட். அப்புறம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஸ்லாட். பணம் போனதைவிட, பொய் சொல்வது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிப் போனதுதான் பெரிய கேடு. டெரெக்கிடம் ஒரு கதை, கிர்ஸ்டியிடம் ஒரு கதை. இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து செய்து, அந்தச் சொல்லே அவள் வாயில் சக்கையாகிவிட்டது.

போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, வங்கி ஆப்பில் வேறு எதையோ தேடும்போது ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. 'சூதாட்டச் செலவைத் தடு.' தட்டினாள். சும்மா சோதித்துப் பார்க்கத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அன்று சாயங்காலமே ஸ்லாட்டில் பணம் கட்டிப் பார்த்தாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊஹூம். "நாசமாப் போறவனுங்களா, என் காசுடா அது!" என்று வங்கியைத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்ததும், அப்பாடா என்று இருந்தது. இனி இந்தச் சனியனோடு மல்லுக்கட்டத் தான் ஒருத்தி மட்டும் இல்லை என்று தோன்றி, குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள்.

யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு சத்தியம் என்று நினைத்துவிடுவார்களே!

அதற்குப் பிறகு ஏப்ரல் வந்தது. ஏப்ரல் வந்தால் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம். வருஷம் முழுக்கக் குதிரையையே பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு ஒரு குதிரைக்குச் சொந்தக்காரர்கள். பள்ளிச் சமையலறையில் கூட வேலை பார்க்கும் பெவ் குதிரைப் பெயர்களைச் சீட்டெழுதி, உருளைக்கிழங்கு வடிகட்டுகிற சல்லடையில் போட்டுக்கொண்டு வருவாள். ஆளுக்குக் கொஞ்சம் காசு, ஒரு சீட்டு; ஜெயித்த குதிரை யார் கையிலோ மொத்தமும் அவருக்கு. அந்த நேரம் பார்த்து லினெட் பட்டாணி எடுக்கக் குளிரறைக்குள் போய்விடுவது வழக்கம். இந்த வருஷம் வியாழக்கிழமை, பெவ் குளிரறை வாசலையே மறித்து நின்றுகொண்டாள்.

"எத்தன வருஷம்டி பட்டாணிக்குள்ள ஒளிவ? பாதிரியாரே ஒரு சீட்டு எடுத்துட்டாரு. எடு!"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். லினெட் எடுத்துப் பிரித்தாள்.

பிங்க் கஸ்டர்ட்.

"ஐயையோ லின், இது உன் குதிரைடி!" என்று பெவ் கத்த, ஆளாளுக்குக் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டி அமர்க்களப்படுத்தினார்கள். லினெட்டும் சிரித்தாள். சீட்டோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால், இது சும்மாவா என் கைக்கு வந்திருக்கும் என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்துவிட்டது. குதிரைக்குப் பெயர் வைத்தவன் லினெட்டைக் கனவிலும் கண்டிருக்க மாட்டான். அந்தப் பாழாய்ப்போன புத்திக்கு அது புரிந்தால்தானே! வேலை முடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே வங்கிக்குப் பேசினாள். மறுமுனையில் கேலம் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பையன்.

"அந்தச் சூதாட்டத் தடைய எடுத்துடணும், தம்பி."

"எடுத்துடலாம்மா. காரணம் கேக்கலாமா? சொல்லியாகணும்னு இல்ல."

"ஒரு குதிரை."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணு. மறுநாளே திரும்பத் தடையப் போட்டுடுவேன்."

"சரிம்மா. ஆனா உடனே போகாது. ரெண்டு நாள் ஆறப் போடுவோம். சனிக்கிழம மூணு மணிக்குத் தானா விலகிடும்."

"பந்தயம் நாலு மணிக்கு. போதும்."

"போதும்தாம்மா. நடுவுல மனசு மாறினா, ஆப்லயே 'தடை இருக்கட்டும்'னு ஒரு தட்டு தட்டுங்க. ஏன் எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டோம்."

அவன் இரண்டு வார்த்தை அதட்டியிருந்தால்கூட அவளுக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பேத்தி எல்சிக்குப் பிறந்தநாள். கிர்ஸ்டியையும் சேர்த்து மூவரும் பக்கத்துக் கிளீதோர்ப்ஸ் கடற்கரைக்குப் போனார்கள். வெயில் இருந்தது, ஆளைத் தூக்குகிற காற்றும் இருந்தது. மூன்று மணிக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி, கைப்பேசியில் குதிரைக்குப் பணம் கட்டிவிட வேண்டும் என்று லினெட் காலையிலேயே திட்டம் போட்டுவிட்டாள். பிறந்தநாளும் அதுவுமாக இப்படி ஒரு திட்டம்! அவளுக்கே அது கேவலமாகத்தான் இருந்தது. திட்டம் என்னவோ மாறவில்லை.

காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் மினுக்கிக்கொண்டிருந்த கடை ஒன்றின் பக்கத்து ஜன்னலில் ஐஸ்கிரீம் விற்றார்கள். "இன்னிக்கு என் செலவு" என்று லினெட் முன்னால் போய்த் தன் அட்டையை நீட்டினாள். அட்டை இயந்திரம் மறுத்தது. திரும்ப வைத்தாள், திரும்ப மறுத்தது.

"எடுக்கலயே கண்ணு, வேற கார்டு இருக்கா?" என்றாள் கடைக்காரி. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

கிர்ஸ்டியின் முகம் வெளுத்துவிட்டது. கை தானாகத் தோள்பையை இறுக்கியது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இவ பிறந்தநாள் அன்னிக்கா அம்மா?"

"இல்லடி, நேத்துதான் சம்பளம் வந்துச்சு, அப்படியே இருக்கு, சத்தியமா..." சொல்லும்போதே அந்தச் சொல் லினெட்டுக்குக் கசந்தது. கைப்பேசி அதிர்ந்தது. 'சூதாட்டத் தடை இருப்பதால் இந்தச் செலவு நிறுத்தப்பட்டது.'

கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "அட, அந்தத் தடையா! உள்ள இருக்கற மிஷினுக்கும் இந்த ஜன்னலுக்கும் எங்க முதலாளி ஒரே கணக்கு வச்சிருக்காரும்மா. பேங்க்காரனுக்கு எங்க ஐஸ்கிரீமும் சூதாட்டந்தான்!" ஊருக்கே கேட்கிற குரல். லினெட்டுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. பின்னால் நின்ற ஒரு கிழவர், "வெக்கப்படாத கண்ணு. எனக்கும் அதே தடைதான், அதான் இங்க சில்லறையா எடுத்துட்டு வருவேன்" என்றார்.

கிர்ஸ்டி கைப்பேசியைப் பிடுங்கி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"இது எப்பலேர்ந்து?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிச் சொல்லித்தானே உன்ன ஏமாத்தினேன். இந்தத் தடவ சொல்லாம செஞ்சு பாப்போம்னு இருந்தேன்."

கிர்ஸ்டி வரிசைக்கு நடுவிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்க முடியாத அளவுக்கு நல்லவளாயிட்டியே!" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிவிட்டு, தன் அட்டையால் பணம் கட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். மகள் நம்பிவிட்டாள், மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். கழிப்பறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கட்டிப்பிடித்தல் லினெட்டுக்குத் தாங்கவில்லை. தனக்குச் சேராத ஒன்றை எடுத்துக்கொண்டது போல இருந்தது.

"கிர்ஸ்டி, முழுசா கேட்டுக்கோ. மூணு மணிக்கு இந்தத் தடை போயிடும். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"குதிரை. பேரு பிங்க் கஸ்டர்ட்."

எல்சி மட்டும் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருந்தாள். கிர்ஸ்டி கத்தப்போகிறாள் என்று லினெட் காத்திருந்தாள். கிர்ஸ்டி கத்தவில்லை.

"நான் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீயா வாயத் திறந்து சொன்னது இதுதாம்மா முதல் தடவ." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் எதையும் தட்ட மாட்டேன். நீயே பாத்துக்கோ."

பிங்க் கஸ்டர்ட் ஜெயித்துவிட்டால்? ஜெயித்துவிட்டுப் போகட்டும்! லினெட் 'தடை இருக்கட்டும்' என்பதைத் தட்டினாள். மூன்று மணி ஆனபோது எல்சி கழுதைச் சவாரி போய்க்கொண்டிருந்தாள், லினெட் கூடவே தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

நாலு மணிவாக்கில் வேறொரு கடையில் சிப்ஸ் வாங்கிக்கொண்டு கடலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே லினெட்டின் அட்டையைச் சமர்த்தாக எடுத்துக்கொண்டார்கள். எதிரே இருந்த மதுக்கடைத் தொலைக்காட்சியில் பந்தயம் ஆரம்பித்து ஒரே கூச்சல். எல்சி அவசரம் என்று குதித்தாள்.

"வா வா" என்று கிர்ஸ்டி அவளைக் கையில் பிடித்தாள். போகிற போக்கில் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றினாள். "அம்மா, இதப் பிடி." லினெட்டின் மடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

லினெட் மூச்சு விடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். மதுக்கடையே இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். எதுவோ ஜெயித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு தடியன் கடற்காகம் விர்ரென்று இறங்கியது. இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டு லினெட் குனிந்துகொண்டாள்.

திரும்பி வந்த எல்சி கண்ணை அகல விரித்தாள். "சிப்ஸ் எங்க?"

"கடற்காகம் தூக்கிட்டுப் போயிடுச்சு, தங்கம்" என்றாள் லினெட், இன்னும் நிமிராமல். "பை பத்திரமா இருக்கு."