போத்தலின் அடியில் கிடந்த நியமத் தூள்

பரந்தனில் எங்கள் வளவுக்குள் குழாய்க்கிணறு அடிக்கிற வாகனம் வந்து நின்றுவிட்டது. நான் கிளிநொச்சி ஆய்வுகூடத்தில், கைபேசியைக் காதில் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பழைய கிணற்றுத் தண்ணீர் கைக்கத் தொடங்கியிருந்தது. காரணம் கடல்நீர் என்றால் ஆழமாக அடிப்பது வீண். வயலுக்குப் போட்டு மேலிருந்து இறங்கிய பசளை என்றால் ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கலாம். தண்ணீரில் கரைந்த கந்தகம் அதைக் காட்டிக்கொடுக்கும். கடலிலிருந்து வந்த கந்தகத்தில் பாரம் கூடிய அணுக்கள் அதிகம்; பசளையில் குறைவு.

அந்தப் பாரத்தை அளக்கும் மெசின் பசளை என்றது.

"என்ன பிள்ளை, அடிக்கச் சொல்லவோ? பெடியள் தேத்தண்ணியும் குடிச்சு முடிச்சிட்டாங்கள்."

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா."

"படிச்ச ஆள் நீ. ஓம், இல்லை எண்டு ஒரு சொல்லுத்தானே."

அப்பா கைநாட்டு. எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். நான் ஓம் என்றால் அந்தப் போக நெல்லெல்லாம் அந்தக் குழிக்குள் போகும்.

காலையில் பெறுமதி தெரிந்த இரண்டு நியமத் தூள்களை, பாரம் கூடியது ஒன்றும் குறைந்தது ஒன்றும், அளந்து மெசினைச் சரிபார்த்திருந்தேன். பிறகு கரண்ட் போய் வந்தது. கிணற்று மாதிரியை அளந்தது அதற்குப் பின்தான்.

"கரண்ட் போய் வந்த மெசின் நித்திரையாலை எழும்பின ஆள் மாதிரி," என்றார் என்னோடு வேலை செய்யும் வவுனியா அக்கா. "பேர் கேட்டாலும் மாத்திச் சொல்லும்."

"நியமத்தைத் திருப்பி ஓட்டுவமோ அக்கா?"

அவர் பாரம் கூடிய தூள் இருந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். "இவ்வளவுதான் கிடக்கு. இதையும் போட்டால் உன்ரை ஆய்வு அம்போ. வெளிநாட்டிலை இருந்து வருமட்டும் கதிரையைத் தேய்ச்சுக்கொண்டிரு."

இரண்டு தூளையும் தராசில் நிறுத்து, வெள்ளீயத் தாளில் மடித்தேன். முதல் மடிப்புப் பிரியப் பார்த்தது; திரும்ப அழுத்தினேன். மேசையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பாரம் கூடிய தூள் தன் பெறுமதியை எட்டாமல் மிகவும் கீழே நின்றது. மற்றதும் சற்று இறங்கியிருந்தது. இரண்டையும் வைத்து அளவுக் கோட்டைப் புதிதாக வரைந்து, கிணற்று மாதிரியை அதில் பொருத்தினேன். எங்கள் கிணறு கடலின் பக்கம் போய் நின்றது.

"அடிக்க வேண்டாம் அப்பா. கடல்தான்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். மெசின் முதல் பிழையாச் சொன்னது."

"ஆர் பிடிச்சது?"

"நான்தான்."

அப்பா யாருக்கோ சொல்வது கேட்டது: "வாகனத்தைத் திருப்பு தம்பி. மெல்ல, வாழையை இடிச்சுப் போடாதை." பிறகு என்னிடம், "அப்ப தண்ணிக்கு?"

"பவுசர் லொறியிலை தண்ணி வருமெல்லே."

"ஓம், வரும்," என்று வைத்துவிட்டார்.