கைதட்டாத ஞாயிறு

கிளி விரட்டுவதில் என்னை மிஞ்ச அந்த நாளில் கன்னட எல்லையோரத்து எங்கள் மத்திகிரியில் ஆள் கிடையாது. எங்கப்பா மாட்டுப் பண்ணையின் சோளக் காட்டில் வேலை பார்த்தார். கதிர் பிடித்துவிட்டால் காவல் என் பொறுப்பு. மற்ற பிள்ளைகள் தகரம் தட்டுவார்கள், கல் வீசுவார்கள். எனக்கு இரண்டு கை போதும். ஓங்கி ஒரு தட்டு. அத்தனை கிளியும் ஒன்றாக எழுந்து ஜூஜுவாடிப் பக்கம் போய்விடும். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்தான். ஆனாலும் கைதட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வாரம் பேத்தி கைப்பேசியில் ஒரு பட்டியலை வாசித்தாள். பெங்களூரில் ஏதோ பல்கலைக்கழகத்து இசைப் பள்ளியாம். ஒரு வாரம் வயலின், ஒரு வாரம் பியானோ, ஒரு வாரம் பறை என்று வருசம் முழுக்கக் கச்சேரியாம்.

"வர்றியா ஆயா, கூட்டிட்டுப் போறேன்."

"அந்த மாதிரிப் பள்ளி எங்களைத் தேடிக்கிட்டு வந்துச்சுடி" என்றேன்.

வந்ததுதான். எனக்கு எட்டு வயசிருக்கும். பெங்களூர்ப் பாட்டுப் பள்ளி வாத்தியார் ஒருவர், பாட்டுக் கச்சேரியே கேட்டிராத சனத்தின் முன்னால் தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று நினைத்தார். பண்ணையின் தகரக் கொட்டகையில் நாலு ஞாயிறு, சாயங்காலம். முன்னால் நாற்காலியில் பண்ணை அதிகாரிகள், பின்னால் ஜமக்காளத்தில் நாங்கள். பால் கறக்கும் வேலையில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, என்னைக் கூட்டிப் போனார்.

முதல் வாரம் வாய்ப்பாட்டு. அடுத்த வாரம் கால்சட்டைக்காரப் பையன்கள் நாலு பேர் தாடையில் பிடிலை இடுக்கிக்கொண்டு வாசித்தார்கள். மூன்றாவது வாரம் புல்லாங்குழல். ஒவ்வொன்றிலும் எனக்கு ஆயிரம் கேள்வி. ஆனால் கேட்க முடியாது. வாசித்து முடித்ததும் நாற்காலிக்காரர்கள் கைதட்டுவார்கள், அவர்களைப் பார்த்து நாங்களும் தட்டுவோம், வந்தவர்கள் உடனே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஊர்க் கூத்தில் யாரும் கைதட்டுவதில்லை. அதனால்தானே அது விடிய விடிய நடக்கிறது! எனக்கு விசயம் விளங்கிவிட்டது.

நாலாவது ஞாயிறு நல்ல மழை. நாற்காலிகள் காலி. வாத்தியார் மட்டும் ஓரமாக நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒல்லியாக ஒரு அக்கா, மடியில் வீணை, அதன் ஒரு முனையில் பெரிய மரக் குடம்.

"அந்தக் கொடத்துக்குள்ள இன்னா மாமா இருக்குது?"

"பாட்டுதான். தீந்துபோனா ஊத்தி வெச்சுக்குவாங்க. சும்மா இரு புள்ள, அந்த வாத்தியாரு மார்க்குப் போடறாரு. இன்னிக்கு நல்லா வாசிச்சாத்தான் அந்தப் பொண்ணு பாசாம்."

மார்க்கு என் காதில் ஏறவில்லை. அந்தக் குடம்தான் கண்ணில் நின்றது. ஜமக்காளத்தில் தவழ்ந்து போய் ஒவ்வொருவரிடமாகச் சொன்னேன்: "கைதட்டாதீங்க. தட்டினா போயிருவாங்க."

புல்லறுக்கும் அத்தை ஒருத்தி சிரித்தாள். மாமா விடவில்லை. "புள்ள சொல்றது நெசந்தானக்கா. மூணு வாரமா பாத்தோமே, தட்டினதும் ஓடிட்டாங்கல்ல?"

அக்கா வாசித்து முடித்தாள். ஒருத்தரும் அசையவில்லை. தகரத்தில் மழைச் சத்தம் மட்டும்தான். அவள் எங்களைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்த்தாள். அவர் நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. முகம் சின்னதாகிப் போய், குனிந்து, இன்னொன்று வாசித்தாள். மறுபடியும் அதே அமைதி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போகவில்லை பார்த்தீர்களா!

மூன்றாவதாக அவள் வாசித்தது வேறு மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தொட்டில் பிள்ளையைத் தூங்க வைப்பது போல மெதுவாக ஒரு மெட்டு. கன்னடத்துப் பக்கம் பாடுவது. புல்லறுக்கும் அத்தை முனக ஆரம்பித்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் சேர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க அந்த மெட்டு. வாத்தியார் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

முடிந்ததும் அக்கா எங்களைப் பார்த்து மெல்லக் கேட்டாள், "யாக்கம்மா, இஷ்ட ஆக்லில்வா?" பிடிக்கவில்லையா என்று.

மாமாதான் தன் அரைகுறைக் கன்னடத்தில் சோளக்காட்டையும் கிளியையும் என்னையும் சொல்லி முடித்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வீணையைக் கீழே வைத்தாள், மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தாள், முட்டி போட்டு உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள்.

குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன; நடுங்கிக்கொண்டும் இருந்தன. பாவம், மழையில் வந்த குளிர்தான் என்று நினைத்து, என் பாவாடையால் அந்தக் கைகளைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.