நூல்பாசியும் நான்கு பிடி பொரியும்

எங்கள் வீட்டுப் பின்புறக் குளம் பதினோரு அடி நீளம், ஏழடி அகலம், இடுப்பளவு ஆழம். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் வெட்டியது. பதினேழு தங்கமீன்கள் இருந்தன. இந்த மாசியில் நூல்பாசி பிடித்தது. இழுத்தால் முழ நீளம் வந்து அறுந்துவிடும். நாலாம் நாள் அதே இடத்தில் அதே நீளம். ஒரு விடியலில் மீன்களெல்லாம் மேலே வந்து மூச்சுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தன. இரண்டு செத்து மிதந்தன. மிச்சம் பதினைந்து.

வண்ணமீன் கடையில் பாசியைக் கொல்ல ஒரு நீல மருந்தை நீட்டினார்கள். குளத்துத் தண்ணீரைத்தான் கரிச்சான் குருவியும் தெருநாயும் குடிக்கின்றன. வாங்காமல் திரும்பினேன். பார்லி வைக்கோல் போட்டால் போதும் என்றது ஒரு வீடியோ. பார்லிக்கு நான் எங்கே போவேன்? கோபிச்செட்டிபாளையத்திலிருந்து நெல் வைக்கோல் வரவழைத்துப் போட்டேன். தண்ணீர் கடுங்காப்பி நிறமானதுதான் கண்ட பலன். பிறகு மூன்று தொட்டி அல்லி வைத்து, குளத்தின் முக்கால் பாகத்துக்கு நிழல்வலையும் கட்டினேன். பாசி கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் அடியில் துழாவிப் பார்க்கத் தோன்றியது. கை நிறைய அழுகிய பொரி.

பொரி எதிர்வீட்டுக்காரர் போட்டது. நூல் மில்லில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். மனைவி தவறிவிட்டார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை பாதி செயலிழந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் மட்டும்தான். தினமும் ஒன்பதரைக்கு ரோட்டைக் கடந்து பொரிப்பையோடு வந்து நான்கு பிடி போடுவார். மீன்கள் தின்பது ஒரு பிடி. மூன்று பிடி பாசிக்கு உரம்.

பொரியை நிறுத்தினால் பாசி அடங்கும். ஆனால் காரணமில்லாமல் அடுத்தவர் வீட்டில் போய் உட்காருகிற மனிதர் அல்ல அவர். காப்பி நீட்டினால்கூட, மீனுக்குப் போட வந்ததாகச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். பொரி வேண்டாமென்றால் அவருக்கு அது, வர வேண்டாம் என்றுதான் கேட்கும்.

"ஏனுங்க, பாசிய வெரட்டறன்னு அந்த மனுசனையும் வெரட்டிப்போடாதீங்க" என்றாள் என் மனைவி.

ஒன்பது நாள் சொல்ல நினைத்தேன். ஒன்பது நாளும் வெயிலைப் பற்றிப் பேசி முடித்தேன்.

பத்தாம் நாள் அவர் வந்தபோது மூங்கில் குச்சியால் பாசியை வாரிக்கொண்டிருந்தேன். வாரவார அறுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, இழுக்கறீங்களே. நூல இழுத்தா அந்துபோகுமுங்க. முறுக்கோணும்."

பையைக் கட்டைச்சுவரில் வைத்துவிட்டுக் குச்சியை இடக்கையில் வாங்கினார். வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குச்சியின்மேல் வைத்தார். மெதுவாகத் திருகினார். பாசி அறாமல் சுற்றிக்கொண்டு வந்தது. நான் எண்ணினேன். ஆறாவது சுற்றில் வலக்கை நழுவியது. மறுபடி எடுத்து வைத்தார்.

"இத்தன நீளம் அறாம வந்தா எங்க மேஸ்திரி சும்மா உடமாட்டானுங்க. இன்னும் ரெண்டு மிசினச் சேத்திப் பாருன்னுபோடுவான்."

அன்று அவர் பொரியை மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. என் மனைவி பையை எடுத்துப்போய் வெங்காயமும் கடலையும் கலந்து தட்டில் கொண்டுவந்தாள். அன்று முதல் அதுவே வழக்கமானது. மீனுக்கு ஒரு பிடி, எங்கள் மூவருக்கு மூன்று பிடி.

ஒன்றரை மாதத்தில் தண்ணீர் தெளிந்தது. மேலிருந்தே பதினைந்தையும் எண்ண முடிகிறது. அவர் கை இப்போது பத்தொன்பது சுற்று வரை நழுவுவதில்லை. நேற்று அரைக் குச்சிப் பாசிதான் தேறியது.

"நாளைக்கு முறுக்க நூலு இருக்காதாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். குச்சியைக் கழுவி, துடைத்து, என் கையில் திருப்பிக் கொடுத்தார். இதுவரை அதைச் சுவரோரம் சாத்திவிட்டுத்தான் போவார்.

சாயங்காலம் நிழல்வலையை ஒரு மூலையில் அவிழ்த்துச் சுருட்டினேன். அந்த மூலையில் மத்தியானமெல்லாம் வெயில் விழும்.

"அங்க மறுபடி பாசி புடிச்சுக்காதுங்களா?" என்றாள் மனைவி.

"புடிக்கட்டும்" என்றேன். மூன்றடிக்கு மூன்றடி. மீன்களுக்கு ஒன்றும் ஆகாத அளவு. கணக்குப் பார்த்துத்தான் அவிழ்த்தேன். பிறகு குச்சியைக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாத்தினேன்.