கைவழிக்காரன்

என் மூத்த அக்காளுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள். அடுத்தவள் கட்டிக்கொண்டவனை விட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் வேலைக்குப் போனாள். கடைசிப் பையன் கப்பலேறிப் போனவன், போனவன்தான். மிச்சம் இருந்த மூன்றாவது பிள்ளையின் கதை இது. வீட்டில் அவனுக்கு நிதானம் என்று பெயர். "இவன் சட்டைக்குப் பொத்தான் போடறதுக்குள்ள சட்டையே பழசாயிடும்" என்று அக்காள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டு வருஷப் படிப்பில் ஒன்றரை வருஷம் போனான். அப்பா படுத்த படுக்கையானார், அதோடு படிப்பு நின்றது. டிவி ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தவனை அங்கே வந்த ஒரு இன்ஜினியர் தன் கம்பெனிக்குள் இழுத்துக்கொண்டார். மருத்துவமனையில் டாக்டர்கள் பார்க்கிற ஸ்கிரீன்களுக்குப் படம் அனுப்பும் அட்டை செய்கிற கம்பெனி. அந்த அட்டையை நடத்துகிற புரோகிராமை எழுதுகிற பத்துப் பேரில் இவனும் ஒருவன் ஆனான். பதினாறு வருஷம். கையில் சான்றிதழ் என்று ஒரு தாள் கிடையாது. அந்த வாசலை விட்டு இறங்கினால் வேறு எந்த வாசலும் திறக்காது என்று அவனுக்குத் தெரியும். அவன் மனைவிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

கண் ஆபரேஷனுக்காக அவன் வீட்டுக்குப் போன நான் அங்கேயே தங்கிவிட்டேன். சாயங்காலங்களில் அவன் சொல்லச் சொல்லக் கேட்டது எனக்குப் புரிந்த அளவு இதுதான். ஸ்கிரீனை அட்டையில் சொருகியதும் அட்டை அதைப் பார்த்து, "நீ யார், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு?" என்று கேட்கும். பதில் வர இரண்டு கம்பி உண்டு. ஒன்று தாளம் போடும், மற்றொன்று ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு துணுக்கு பதிலைத் தரும். முழுப் பதிலும் வர ஆயிரம் தாளத்துக்கு மேல் ஆகும். அந்தக் கம்பியைப் புரோகிராமே ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் கேட்பது ஒரு வழி. அவர்கள் தொழிலில் அதற்கு பிட்பேங் என்று பெயர், இவர்கள் ஆபீசில் கைவழி என்பார்கள். நிதானம் எழுதியது அது. கம்பி ஆடி முடிகிறவரை கம்ப்யூட்டர் வேறு வேலை பார்க்காமல் கூடவே நிற்கும். படம் ஒரு கணம் திக்கும். அதனால் புது அட்டையில் இந்த வேலைக்கென்றே ஒரு கன்ட்ரோலரைச் சிப்புக்குள் வைத்துவிட்டார்கள். அதனிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும், கேட்டு வாங்கி வைத்திருக்கும்.

கன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதும் வேலை நிதானத்தின் மைத்துனனுக்குப் போனது. மனைவியின் ஒரே தம்பி. பெரிய படிப்புப் படித்தவன். ஆனாலும் நிதானம் சொல்லித்தான் உள்ளே வந்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் முகம் செத்துப்போய் வந்து நின்றான்.

"அத்தான், நாளைக்கு மேடம் பார்க்க வராங்க. பதினோரு ஸ்கிரீன்ல மூணு வாயே திறக்க மாட்டேங்குது."

"பழைய மாடலா?"

"ஆமா."

"அது வாயைத் திறக்குது. நீதான் நிக்க மாட்டேங்கிற. தாளக் கம்பியைக் கீழ பிடிச்சு வச்சுக்கிட்டு 'இருப்பா, வரேன்'னு சொல்லுது. உன் கன்ட்ரோலர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு எழுந்து போயிடுது."

"அந்தப் பொறுமையை நீட்ட முடியாது அத்தான். சிப்புக்குள்ளயே அடிச்சு வச்சுட்டாங்க."

அடுக்களையிலிருந்து நிதானத்தின் மனைவி வந்தாள். "என்னங்க, ஏதாவது பண்ணுங்க. இப்பதான் அவனுக்கு ஒரு வழி பிறந்திருக்கு."

நிதானம் கம்ப்யூட்டரைத் திறந்து ஐந்து வரி எழுதினான். கன்ட்ரோலர் கைவிட்டால் கைவழி எடுத்து முடிக்கும், அது நாலு வரி. ஐந்தாவது, 'கன்ட்ரோலரால் முடியவில்லை, கைவழி முடித்தது' என்று, புரோகிராம் தன் வேலையைத் தானே பதிந்துவைக்கும் குறிப்பேட்டில் எழுதிவைக்கிற வரி.

"அத்தான், இந்தக் கடைசி வரி எதுக்கு?"

"எப்ப எது ஓடுச்சுன்னு நாளைக்கு ஒருத்தனுக்குத் தெரியணும்ல."

"மேடம் முதல்ல திறக்கறதே குறிப்பேட்டைத்தான். நான் தோத்துட்டேன்னு நீங்களே போர்டு மாட்டுவீங்களா?"

"எழுதாம விடறது தப்புடா."

"எங்க வீட்டு ஆளுன்னா மட்டும் உங்களுக்குத் தப்பும் சரியும் ஞாபகத்துக்கு வந்துடும்" என்றாள் அவள்.

அவர்கள் தொழிலில் அது ஊசி போட்டுவிட்டுச் சீட்டில் எழுதாமல் போகிற மாதிரி. தெரிந்தேதான் அந்த வரியை எடுத்தான். திங்கட்கிழமை பதினோரு ஸ்கிரீனும் வந்தன. மேலாளர் அம்மாள் மைத்துனன் கையைப் பிடித்துக் குலுக்கினாளாம்.

இரண்டு வருஷத்தில் மைத்துனன் அந்தப் பத்துப் பேருக்கும் தலைவன் ஆனான். ஆபீசில் அத்தான் போய் 'நம்ம கைவழி சார்' வந்தது. "கைவழி சார், லிஃப்ட் வேணுமா, இல்ல படியை நீங்களே ஒவ்வொண்ணா ஏத்தி இறக்குவீங்களா?" என்று கேட்பானாம். எல்லாரும் சிரிப்பார்கள். தனக்கும் சிரிப்பு வந்தது என்றுதான் என்னிடம் சொன்னான். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

பிறகு ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். மைத்துனன் பேசினான்: "கைவழின்னு எழுநூறு வரி சும்மா கிடக்கு. ரெண்டு வருஷக் குறிப்பேட்டுல அது ஒரு தடவைகூட ஓடலை. தூக்கிடலாம்."

"ஓடுது" என்றான் நிதானம்.

மேலாளர் அம்மாள் திரும்பினாள். "எங்க? காட்டுங்க."

காட்ட என்ன இருக்கிறது? மைத்துனனைப் பார்த்தான். அவன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்மகிட்ட இருந்த பழைய ஸ்கிரீனையெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. ஏதாவது ஆஸ்பத்திரியில ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வரேன் மேடம். ஒரு வாரம் கொடுங்க."

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிகளுக்குப் புது புரோகிராமை அனுப்பணும். எழுதினது மேல உங்களுக்குப் பாசம், புரியுது. அதுக்காக இதென்ன மியூசியமா?"

"எழுதினவரே எடுக்கட்டும் மேடம்" என்றான் மைத்துனன். "எங்கெங்க ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்" என்றான்.

"என்னன்னு சொல்வீங்க? நீங்க மறைச்சீங்கன்னா, அவன் மறைக்கச் சொன்னான்னா? ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்புவாங்க. அவன் எங்கயாவது போய்ப் பிழைச்சுக்குவான். நீங்க எங்க போவீங்க?" சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். "புது சிப்புல பொறுமையைக் கூட்டிட்டாங்கக்கா, அத்தானைக் கவலைப்பட வேணாம்னு சொல்லு" என்றான் அவன். புது சிப்பில் கூட்டியது உண்மைதான். மருத்துவமனைகளில் இருந்தது பழைய சிப்பு. நிதானம் பாதி நம்பினான். மறுநாள் எழுநூறு வரியையும் தன் கையாலேயே எடுத்தான்.

புது புரோகிராமை அனுப்பிய பதினோராம் நாள் காலை பத்து மணி. ஒரு மருத்துவமனையில் ஒரு மனிதரின் வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, ஸ்கிரீனைப் பார்த்துப் பித்தப்பையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கால் பட்டு வயர் கழன்றது. திரும்பச் சொருகினாள். காலையில் எப்படியோ சீக்கிரம் பதில் சொல்லிவிட்ட பழைய மாடல், இந்தத் தடவை 'இருப்பா, வரேன்' என்றது, கன்ட்ரோலர் எழுந்து போய்விட்டது. ஸ்கிரீன் வரவில்லை. யார் என்று தெரியாத ஸ்கிரீனுக்குப் படம் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவமனை அட்டைகளின் விதி. வேறு ஸ்கிரீன் தேடி நேரம் போனது. கடைசியில் வயிற்றைத் திறந்தார்கள். ஆள் பிழைத்தார். சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போக வேண்டியவர், ஒரு சாண் தையலோடு மூன்று வாரம் கழித்துப் போனார்.

விசாரணை வைத்தார்கள். எந்த வரியை யார் சேர்த்தார், யார் எடுத்தார், எந்த நாள், எத்தனை மணி என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். கைவழியை எடுத்தது யார்? நிதானம். குறிப்பு எழுதும் வரியை எடுத்தது யார்? அதுவும் நிதானம். எடுக்கச் சொல்லிக் கெஞ்சினவன் பெயரை அது எழுதி வைப்பதில்லை.

நடந்ததை நடந்தபடி சொன்னான். மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். ஆபீசில் வெகு நாளைக்குப் பிறகு அத்தான் என்று கூப்பிட்டான்.

"அத்தான், கைவழி போனா உங்க வேலையும் போயிடும்னு பயம். அதனால ரகசியமா ஒட்ட வச்சீங்க. அதை என் தலையில கட்டாதீங்க."

"அவர் எடுக்கச் சொன்னப்ப வேற யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள் மேலாளர் அம்மாள்.

"என் மனைவி இருந்தா."

அங்கேயே போன் போட்டார்கள். மணி அடிக்கும்போது அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். எதிர்ப்பக்கம் பேசியது எனக்கும் கேட்டது. முதலில் மேலாளர் அம்மாள், பிறகு, "நடந்ததை மட்டும் சொல்லு" என்று நிதானத்தின் குரல். அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"அவர் ஆபீஸ் விஷயம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவங்க ரெண்டு பேரும் வீட்டுல வேலையைப் பத்திப் பேசினதே இல்ல."

போனை வைத்துவிட்டு மிச்சப் பாத்திரத்தைத் துலக்கினாள். கொடு, நான் பேசுகிறேன் என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டில் இருக்கிறவன் நான்.

வேலை போய், மதியமே நிதானம் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவள் தட்டு வைத்தாள். "அவனாவது நிக்கட்டும்ங்க. ரெண்டு பேரும் விழுந்தா யார் தூக்கிவிடறது?" என்றாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்க இங்கதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"நான் கவனிக்கலையேப்பா" என்றேன்.

"சரி மாமா" என்றான். சாப்பிட்டு எழுந்தான்.

கைவழி இல்லாமல் மருத்துவமனைகள் விடுமா? அந்த வாரமே எழுநூறு வரியையும் திரும்ப உள்ளே வைத்தார்கள். வைத்தவன் மைத்துனன், அதனால் எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர். ஆபத்தில் கைகொடுத்தவன் என்று பாராட்டுக் கடிதமும் வந்ததாம். நிதானம் எட்டு மாதம் ஏறி இறங்கினான். எங்கே போனாலும் முதல் கேள்வி சான்றிதழ், இரண்டாவது கேள்வி ஏன் நின்றீர்கள். இப்போது ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறான்.

போன மாதம் மைத்துனன் கம்ப்யூட்டரோடு வந்தான். புது ஸ்கிரீன் ஒன்று ஏதோ தகராறு செய்ததாம்.

"அத்தான், இந்த இடத்துல ஏன் ரெண்டு தடவை காத்திருக்கீங்க? ஒரு தடவை போதாதா?"

அவள் இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். நிதானம் நாற்காலியை அருகே இழுத்து, மைத்துனனுக்குப் புரிகிறவரை, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தான்.